வயதுப் புள்ளிகளுக்கு வைட்டமின் ஈ: எப்படித் தடவுவது, எவ்வளவு எதிர்பார்ப்பது

புறங்கையில் ஒரு நாள் கண்ணில் படும். டீ சிந்திக் காய்ந்த கறை மாதிரி, பயறு அளவில் ஒரு பழுப்புப் புள்ளி. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்போம், போகாது. நாலு மாதம் கழித்துப் பார்த்தால் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: "வைட்டமின் ஈ கேப்சூலை உடைத்துத் தடவு, மறைந்துவிடும்."

மறைந்துவிடுமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைட்டமின் ஈ-யை மட்டும் தடவி, ஏற்கெனவே வந்துவிட்ட புள்ளியை அழித்துவிடலாம் என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. ஆனால் அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. வறண்ட தோலை மிருதுவாக்கும். வைட்டமின் சி-யோடும் சன்ஸ்கிரீனோடும் சேர்ந்தால், வெயில் செய்யும் சேதத்தைக் கொஞ்சம் குறைக்கும். அந்த வேலையை மட்டும் அதற்குக் கொடுத்து, மீதியை வேறு ஆட்களிடம் ஒப்படைப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி.

அது வயதுப் புள்ளிதானா?

எதையும் தடவுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் புள்ளியைப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் விரலை ஓட்டுங்கள். வயதுப் புள்ளி என்றால் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாது. சுற்றியுள்ள தோலின் மட்டத்திலேயே இருக்கும். நிறம் முழுக்க ஒரே சீராக இருக்கும், ஓரம் தெளிவாகத் தெரியும். வலிக்காது, அரிக்காது. முகம், புறங்கை, முன்கை, தோள், மேல்மார்பு என்று வெயில் படும் இடங்களில்தான் வரும்.

விரலுக்கு மேடாக, மெழுகுத் துளியை ஒட்டிவைத்தது போலச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அது வேறு வகை. வயதானவர்களிடம் சகஜம், பெரும்பாலும் தொந்தரவில்லாதது, ஆனால் எந்த எண்ணெய்க்கும் கரையாது. இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி படர்ந்த கருமை என்றால் மங்காக இருக்கலாம். மங்கில் ஹார்மோனுக்கும் பங்கு உண்டு, வைத்தியமும் தனி. பரு உடைந்த இடத்திலும் சுட்ட இடத்திலும் விழுந்த கருமை, புண் ஆறிய பிறகு தங்கிவிடும் நிறம்; அதுவும் வேறு வகை.

இப்போது கவலைப்பட வேண்டிய பட்டியல். ஒரு பாதி மறுபாதி மாதிரி இல்லாமல் கோணலாக இருப்பது, ஓரம் பிசிறடிப்பது, ஒரே புள்ளிக்குள் பழுப்பு, கறுப்பு, சிவப்பு, நீலம் என்று பல நிறம் தெரிவது, 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், சில மாதங்களில் வளர்வது, நிறம் மாறுவது, இரத்தம் கசிவது, ஆறாத புண்ணாவது. இதில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் ஒரு வகை, ஆரம்பத்தில் முகத்தில் சாதாரண வயதுப் புள்ளி போலவே உட்கார்ந்திருக்கும். மாநிறமும் கறுப்புமான தோல் உள்ளவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டிய இடங்கள் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி. அங்கே வெயில் படுவதில்லை; ஆகவே அங்கே புதிதாக வரும் கறுப்பை வயதுப் புள்ளி என்று விட்டுவிடக் கூடாது.

சந்தேகமான புள்ளிமேல் மாதக்கணக்கில் எண்ணெய் தடவிக் காத்திருப்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. எண்ணெய் கெடுதல் செய்யாவிட்டாலும், போன மாதங்கள் திரும்பி வராது.

வயசு மட்டும் காரணமில்லை

கையை மடக்கி, முழங்கைக்கு மேலே உள்பக்கத் தோலைப் பாருங்கள். வழவழப்பாக, புள்ளி இல்லாமல் இருக்கும். அதற்கும் புறங்கைக்கும் ஒரே வயதுதான்! வித்தியாசம், அது பார்த்த வெயில்.

புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு, நிறமி தயாரிக்கும் மெலனோசைட் செல்கள் சில இடங்களில் எண்ணிக்கையில் கூடி, ஓய்வில்லாமல் மெலனினைத் தயாரித்துத் தள்ளுகின்றன. மேல்தோலின் அடிப்பகுதி அந்த இடத்தில் விரல்விரலாகக் கீழே நீண்டு, நிறமியை நிரப்பி வைத்துக்கொள்கிறது. இது மேலே படிந்த அழுக்கு இல்லை, தோலின் அமைப்பிலேயே ஏற்பட்ட மாற்றம். தேய்த்தாலும் ஸ்கிரப் போட்டாலும் போகாததற்குக் காரணம் இதுதான். வெயிலில் போகாமல் இருந்தால் மங்கிவிடும் சிறுவயதுப் புள்ளிகளைப் போல இவை தானாக அவ்வளவு மங்குவதும் இல்லை.

ஆங்கிலத்தில் இதற்குக் கல்லீரல் புள்ளி என்றும் ஒரு பெயர் உண்டு. நிறத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர். கல்லீரலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, அதற்காக இரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம்.

வைட்டமின் ஈ எப்படி இந்தக் கதைக்குள் வந்தது

1922-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேத்தரின் பிஷப்பும் எலிகளை வைத்துக் கண்டுபிடித்த சத்து இது. இது இல்லாத எலிகளுக்குக் கரு தங்கவில்லை. பின்னர் வந்த டோகோஃபெரால் என்ற பெயரின் கிரேக்க வேரும் பிள்ளைப்பேற்றைக் குறிப்பதுதான். ஆரம்பத்தில் தோலுக்கும் இதற்கும் பேச்சே இல்லை.

தோலோடு முடிச்சுப் போட்டது லிப்போஃபுசின் என்ற வேறொரு நிறமி. கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டு, செல்களுக்குள் பழுப்பாகத் தேங்குவது அது. வைட்டமின் ஈ பற்றாக்குறை உள்ள விலங்குகளின் உடலில் இது அதிகம் சேர்கிறது. இதற்கு "முதுமை நிறமி" என்றே பெயர். முதுமை நிறமி, முதுமைப் புள்ளி; பெயர் பொருந்துகிறது, நிறமும் பொருந்துகிறது, ஆகவே வைட்டமின் ஈ தடவினால் புள்ளி போய்விடும் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆனால் கையில் தெரியும் புள்ளியில் இருப்பது பெரும்பாலும் மெலனின். கணக்கு அங்கேயே தப்பிவிடுகிறது.

சரி, அப்படியானால் நிஜமாக என்ன செய்யும்? செல்களின் கொழுப்புச் சுவரில் உட்கார்ந்துகொண்டு, வெயில் கிளப்பிவிடும் கெட்ட மூலக்கூறுகளைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். வாங்கிய பிறகு தானே செயலிழந்துவிடும். அதை மறுபடி எழுப்பி வேலைக்கு அனுப்புவது வைட்டமின் சி. இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்வது இதனால்தான். 2005-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், 15 சதவீதம் வைட்டமின் சி, 1 சதவீதம் வைட்டமின் ஈ கலந்த கரைசலில் 0.5 சதவீதம் ஃபெருலிக் அமிலத்தை (தாவரங்களில் இருக்கும் ஒரு பொருள்) சேர்த்தபோது, வெயிலுக்கு எதிரான காப்பு 4 மடங்கிலிருந்து 8 மடங்காக உயர்ந்தது. கடையில் இன்று கிடைக்கும் பல சீரங்கள் இந்தக் கணக்கைப் பின்பற்றியவை. ஆனால் அந்த ஆய்வு காட்டியது காப்பைத்தான்; பழைய புள்ளி கரைந்ததை அல்ல.

முதல் வேலை: லேபிளைப் படிப்பது

கேப்சூல் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். "டிஎல்-ஆல்ஃபா டோகோஃபெரில் அசிடேட்" என்று இருந்தால் செயற்கை வகை. "டி-ஆல்ஃபா" என்று தொடங்கினால் இயற்கை வகை. அந்த ஒரு "எல்" எழுத்துதான் அடையாளம். அடுத்தது கடைசிச் சொல். "அசிடேட்" என்றால், கெட்டுப்போகாமல் இருக்க மூடி போட்டு வைத்த வடிவம். குடலுக்குள் போனால் அந்த மூடி எளிதாகக் கழன்றுவிடும். தோலின்மேல் கொஞ்சம்தான் கழலும். அதனால் கேப்சூலை உடைத்துத் தடவுகிறவர்கள் பெரும்பாலும் தடவுவது, வேலைக்கு வராத வடிவத்தை. அது நல்ல மாய்ஸ்சரைசர், அவ்வளவுதான்.

தோலில் வேலை செய்ய வேண்டும் என்றால் "டோகோஃபெரால்" என்று தனியாக எழுதியிருக்கும் சீரமோ கிரீமோ வாங்குவது நல்லது, முடிந்தால் வைட்டமின் சி சேர்ந்தது. கண்ணாடி பாட்டில் அடர்நிறத்தில் இருக்க வேண்டும். வைட்டமின் சி சீரம் தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்து, கரும் பழுப்பாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

கேப்சூல்தான் கையில் இருக்கிறது, அதையே பயன்படுத்துவேன் என்றால் அப்படியே தடவாதீர்கள். சுத்தமான ஊசியால் நுனியில் குத்தி அழுத்தினால், தேன் போல இழுத்துக்கொண்டு மெதுவாக ஒரு மஞ்சள் சொட்டு வரும். தொட்டுப் பார்த்தாலே தெரியும், விரல்கள் ஒட்டிப் பிரியும். முகத்தில் போட்டால் துவாரத்தை அடைத்துப் பருவை வரவழைக்கும் பதம் அது. 400 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றை 30 மில்லி, அதாவது ஆறு டீஸ்பூன் ஜோஜோபா அல்லது ஸ்குவாலேன் எண்ணெயில் கலந்தால் சுமார் 1.3 சதவீதம் வரும். அழகு சாதனங்களில் வழக்கமாக இருக்கும் அளவை ஒட்டியது இது. இதற்கு மேல் கெட்டியாகப் போட்டால் கூடுதல் பலன் வரும் என்பதற்கில்லை, ஒவ்வாமைக்கான வாய்ப்புதான் கூடும். கலந்ததை மூடி போட்ட சின்ன பாட்டிலில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். சிக்கு வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.

இரண்டாவது: முழங்கை மடிப்பில் பரிசோதனை

இதை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். "வைட்டமின்தானே, என்ன செய்துவிடும்" என்ற நினைப்பு. 1999-இல் மயாமியில் நடந்த ஒரு சிறிய ஆய்வு நினைவுக்கு வருகிறது. அறுவை சிகிச்சை செய்த 15 பேரின் தழும்பில் ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ கலந்த களிம்பும், மறுபாதிக்கு வெறும் களிம்பும் போட்டுப் பார்த்தார்கள். 90 சதவீதத் தழும்புகளில் வைட்டமின் ஈ ஒரு பலனையும் தரவில்லை, அல்லது இன்னும் மோசமாக்கியது. மூன்றில் ஒருவருக்குத் தடவிய இடத்தில் ஒவ்வாமை வந்தது. அது தழும்பு பற்றியது, புள்ளி பற்றியது இல்லை என்பது சரிதான். ஆனால் இந்த எண்ணெய்க்குத் தோல் எப்படிக் கோபப்படலாம் என்பதற்கு அது போதும்.

எனவே முன்கையின் உள்பக்கத்தில், முழங்கை மடிப்பை ஒட்டி, ஒரு நாணயம் அகலத்துக்கு, தினமும் இரண்டு வேளை, ஏழு முதல் பத்து நாள் தடவுங்கள். ஒரு நாள் தடவிப் பார்த்து "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவு செய்யக் கூடாது. தொடர்பு ஒவ்வாமை பல நாள் கழித்துத்தான் தலைகாட்டும். சிவப்பு, அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம் எது வந்தாலும் கழுவிவிட்டு, இந்த விஷயத்தையே விட்டுவிடலாம்.

மாநிறமும் கருமையுமான தோலுக்கு இது ரொம்ப முக்கியம். அந்தத் தோல் எரிச்சலுக்குக் கொடுக்கும் பதில் கருமைதான். ஒரு சின்னப் புள்ளியை நீக்கப் போய், அதைச் சுற்றி அகலமான கரும்படலத்தை வாங்கி வருவது அபூர்வமாக நடப்பதில்லை.

மூன்றாவது: இரவில் தடவுவது

இரவில்தான் என்பதற்குக் காரணம் எளிது. பகலில் எண்ணெய்ப்பசைக்கு மேல் சன்ஸ்கிரீன் போட்டால் அது சரியாக நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும்.

மென்மையான சோப்பால் கழுவி, துடைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே தடவுங்கள். இரண்டு புறங்கைக்கும் சேர்த்து மூன்று நான்கு சொட்டு தாராளம். முகத்தில் புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் விரல் நுனியால் ஒற்றுங்கள். எண்ணெய் வழியும் முகம், பரு வரும் முகம் என்றால் முகத்தை விட்டுவிட்டுக் கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அத்தகைய முகத்தில் எண்ணெய்ச் சுரப்பிகளே வைட்டமின் ஈ-யைத் தோலுக்கு வழங்கிக்கொண்டிருக்கின்றன.

தடவிய உடனே புள்ளி முன்பைவிடக் கறுத்துத் தெரியும். பயப்பட வேண்டாம், நனைந்த கல் கறுப்பாகத் தெரிகிறதே, அதே கதைதான். காலையில் கழுவினால் பழைய நிறம்.

வைட்டமின் சி சேர்ந்த சீரம் வாங்கியிருந்தால் அது காலைக்கு உரியது: கழுவிய முகத்தில் சீரம், சில நிமிடம் கழித்து சன்ஸ்கிரீன்.

எலுமிச்சைச் சாற்றைக் கலக்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். கூடாது. எலுமிச்சை வகைகளில் இருக்கும் சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும், ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கருமை நிற்கும். பேக்கிங் சோடா, பற்பசை, உப்புத் தேய்ப்பு எல்லாமும் வேண்டாம், தோலை எரிச்சலாக்கும். விளக்கெண்ணெயோடு கலந்து தடவுவது பழைய குறிப்பு. தோலை வழவழப்பாக்கும், புள்ளியைத் தொடாது.

நான்காவது: காலையில் சன்ஸ்கிரீன்

முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். வைட்டமின் ஈ-யை விட்டுவிடலாம்.

எஸ்.பி.எஃப் (வெயில் காப்பின் அளவெண்) 30 அல்லது அதற்கு மேல், யூ.வி.ஏ, யூ.வி.பி என்ற இரண்டு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுப்பது. முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கிய அளவு. ஒவ்வொரு புறங்கைக்கும் ஒரு பட்டாணி அளவு. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும். பலரும் முகத்துக்குப் போட்டுவிட்டுக் கையை மறந்துவிடுகிறார்கள், நினைவாகப் போட்டவர்களும் அடுத்த கைகழுவலில் அதை இழந்துவிடுகிறார்கள். நானும் இதில் சேர்த்திதான். முகத்துக்கு ஒன்று வாங்கிப் பல மாதம் ஒழுங்காகப் போட்டேன். புது புள்ளி வந்தது கட்டைவிரலுக்கு மேலே. அப்புறம்தான் பையில் ஒரு சின்ன டியூப், கை கழுவும் இடத்தில் ஒன்று என்று வைத்தேன்.

ஜன்னல் கண்ணாடி யூ.வி.பி-யைப் பெரும்பாலும் தடுத்துவிடும், யூ.வி.ஏ-வை உள்ளே விட்டுவிடும். தினமும் மணிக்கணக்கில் வண்டி ஓட்டுகிறவர்களும் ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களும் வீட்டுக்குள்தானே இருக்கிறோம் என்று இருந்துவிடக் கூடாது. முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் எந்த கிரீமையும்விடச் சுலபம். அவற்றை இரண்டு மணிக்கொரு முறை மறுபடி போட வேண்டியதில்லை.

ஐந்தாவது: போட்டோ எடுத்து வைப்பது

கண்ணாடி ஏமாற்றும், ஆசை அதைவிட அதிகமாக ஏமாற்றும். தொடங்கும் நாளில் ஒரு போட்டோ எடுங்கள். கழுவித் துடைத்த, எண்ணெய் இல்லாத தோல். அதே ஜன்னல், அதே நேரம், ஃபிளாஷ் இல்லாமல். புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வையுங்கள். மாதம் ஒரு முறை போதும். தினமும் பார்ப்பதில் பயனில்லை. மேல்தோல் ஒரு சுற்று புதுப்பிக்க நாலு வாரமாவது ஆகும், வயதாக ஆக இன்னும் தாமதமாகும்.

மூன்று மாதம் கழித்து நான்கு போட்டோவையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். தோல் மிருதுவாகியிருக்கலாம், புதிதாக எதுவும் வராமல் இருக்கலாம், சன்ஸ்கிரீனால் ஒன்றிரண்டு புள்ளி லேசாக மங்கியும் இருக்கலாம். அந்த அளவே போதும் என்றால் தொடருங்கள். புள்ளி வளர்ந்திருந்தாலோ வடிவம் மாறியிருந்தாலோ அந்தப் போட்டோக்களையே மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். "முன்னாடி சின்னதா இருந்துச்சு டாக்டர்" என்று வாயால் சொல்வதைவிட நூறு மடங்கு உதவும்.

புள்ளி போயே ஆக வேண்டும் என்றால்

அப்போது வைட்டமின் ஈ-யோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேலை செய்வதாக நிரூபணமான மருந்துகள் இருக்கின்றன. ட்ரெட்டினாயின் கிரீம் வயதுப் புள்ளிகளை மங்கச் செய்வதை 1992-இல் 10 மாதம் நடத்திய ஆய்வு காட்டியது. கவனியுங்கள், சரியான மருந்துக்கே அத்தனை மாதம். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது. ஹைட்ரோகுவினோன் இன்னொன்று, மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும் போட வேண்டும், தானாகவே வாங்கி வருடக்கணக்கில் தடவினால் அதுவே தோலை நீலக் கறுப்பாக்கிவிடக்கூடும். நியாசினமைட், அஸிலாயிக் அமிலம் இரண்டும் மென்மையானவை, மெதுவானவை.

சீக்கிரம் வேண்டும் என்றால் லேசர், அல்லது திரவ நைட்ரஜனால் உறையவைப்பது. உறையவைக்கும் முறை ஒன்றை நம்பியிருக்கிறது: மற்ற தோல் செல்களைவிட மெலனோசைட்டுகள் குளிருக்குச் சீக்கிரம் செத்துவிடும். அதனாலேயே கருமையான தோலில் வெள்ளைத் திட்டு விழும் ஆபத்தும் உண்டு. உங்கள் நிறத் தோலில் அனுபவம் உள்ள தோல் மருத்துவரா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். எந்த முறையானாலும் முதலில் புள்ளி என்ன என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்காமலேயே லேசரைக் கையில் எடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

விழுங்கினால்?

தடவுவதற்கு வாங்கிய கேப்சூலில் தினமும் ஒன்றை விழுங்குகிறவர்கள் நிறைய. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 15 மில்லிகிராம். விதைகள், கொட்டைகள், தாவர எண்ணெய்கள் உள்ள சாதாரணச் சாப்பாட்டில் பெரும்பாலோருக்கு அது கிடைத்துவிடும். 400 மில்லிகிராம் கேப்சூல் எடையில் அதைப்போலக் கிட்டத்தட்ட 27 மடங்கு. வைட்டமின் சி மாதிரி மிஞ்சியது சிறுநீரில் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. இது கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்கும் வகை. தினமும் 400 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) அளவில் வருடக்கணக்கில் எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக இருந்ததை ஒரு பெரிய ஆய்வு 2011-இல் சொன்னது. இரத்தம் உறைவதையும் இது தாமதப்படுத்தும். வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்ற, இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்துகளை எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ தேதி வாங்கியிருப்பவர்களும் கேப்சூல் சாப்பிடுவதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

அட்டையில் மீந்துபோன கேப்சூல்களை என்ன செய்வது? நகக்கண்ணில் தோல் உரியும் இடத்துக்கும், வெடித்த குதிகாலுக்கும் ஒரு சொட்டு இரவில் தடவி மேலே சாக்ஸ் போட்டுப் படுங்கள். அந்தப் பிசுபிசுப்பு அங்கே நன்றாகவே உதவும்.